புற்றுக் காளானை வேரோடு பார்த்து அறிதல்: குவாசுலு-நாட்டாலில் இகோவே தேடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கோடை மழை இரண்டு மூன்று நாள் மண்ணை ஊற வைத்துவிட்டு ஓய்ந்து, வெயில் எறிக்கத் தொடங்கியதும் தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நாட்டால் மாகாணச் சாலையோரங்களில் வெள்ளைக் காளானைக் குடைபோல் தூக்கிப் பிடித்து விற்பவர்களைப் பார்க்கலாம். சுலு மொழியில் அதன் பெயர் இகோவே. ஒன்றுக்கு மேற்பட்டால் அமாகோவே. அறிவியல் பெயர் டெர்மிட்டோமைசஸ் உம்கோவான். அந்த உம்கோவான் என்பதே சுலுப் பெயரைக் காதில் கேட்டபடி எழுதியதுதான். தமிழில் இந்தக் குடும்பம் முழுவதையும் புற்றுக் காளான் என்கிறோம். தமிழ்நாட்டில் மழைக்காலத்தில் புற்றடியில் பறிப்பதும் இதன் உறவினங்களையே.

அதே மழைக்கு, அதே வாரத்தில், டர்பன், சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம் வீடுகளின் புல்தரையில் இன்னொரு பெரிய வெள்ளைக் காளானும் முளைக்கிறது. பெயர் குளோரோபில்லம் மாலிப்டைட்டஸ். இந்த வழிகாட்டியில் பச்சை வித்துக் காளான் என்று குறிப்பிடுகிறோம். தின்றால் சில மணி நேரத்திற்குள் குடலைப் புரட்டி எடுத்துவிடும். இரண்டையும் குடையை மட்டும் பார்த்துப் பிரிக்க முயல்வதில்தான் தவறு தொடங்குகிறது. இகோவேயின் சாட்சி மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டாமல் பறித்த காளானை இகோவே என்று சொல்ல யாராலும் முடியாது. பல ஆண்டு பழகியவர்களுக்கும் இது பொருந்தும்.

கறையானின் தோட்டப்பயிர்

எங்கே தேடுவது என்பது, இந்தக் காளான் எப்படி வாழ்கிறது என்று தெரிந்தால் தானாகப் புரியும். மண்ணுக்கடியில் ஒடோன்டோடெர்மிஸ் வகைக் கறையான்கள் காய்ந்த புல், சருகு, பட்டுப்போன மரத்துண்டு ஆகியவற்றைத் தின்று, அந்தக் கழிவைக் கொண்டு மூளை மடிப்புபோல் சுருண்ட பழுப்புப் பஞ்சு அடைகளைக் கட்டுகின்றன. அந்த அடைமேல்தான் பூஞ்சை வளர்கிறது. கறையானால் செரிக்க முடியாத மரநாரைப் பூஞ்சை உடைத்துக் கொடுக்கிறது. அடையில் குண்டூசித் தலை அளவில் வரும் வெள்ளை முடிச்சுகளைக் கறையான் உண்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று பிழைப்பதில்லை. கடைக் காளான்போல் இகோவேயை வைக்கோல் பையில் விதைத்து வளர்க்க முடியாததற்கும் இதுவே காரணம்.

மழைக்காலத்தில் அந்த அடையிலிருந்து ஒரு வேர் கிளம்பி, கெட்டி மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. துளைப்பதற்கென்றே குடையின் நடுவில் கூரான, கெட்டியான மூக்கு ஒன்று இருக்கிறது. குடை விரிந்த பிறகும் அந்த மூக்கு மறைவதில்லை. மேலே மூக்கு, கீழே வேர் என்ற இந்த இரண்டும் ஒரே வேலைக்காக அமைந்தவை. பச்சை வித்துக் காளானுக்கு இப்படித் துளைக்கும் வேலை கிடையாது. அது மேல்மண்ணில் இருக்கும் மக்கிய புல்லிலேயே வளர்வது.

எங்கே, எப்போது

காலம் தென்னாப்பிரிக்கக் கோடை, அதாவது ஏறக்குறைய நவம்பர் முதல் மார்ச் வரை. தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் சொல்லும் ஐப்பசிக் கார்த்திகைக் கணக்கை இங்கே முழுதாக நம்ப வேண்டாம். மாதத்தைவிட மழைதான் முக்கியம். முதல் நல்ல மழைக்கு ஈசல் கிளம்பிய இடங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஈசலும் இந்தக் கறையான் வகையைச் சேர்ந்தது அல்ல. ஆனாலும் தேடுவதற்கு அது நல்ல தொடக்கம்.

இடம் என்றால், கடலோரக் காடுகளின் விளிம்பு, முள்மரங்கள் சிதறிய புல்வெளி, கரும்புத் தோட்டத்தை ஒட்டி உழாமல் விட்ட கரை, மாட்டு மேய்ச்சல் நிலம். டோங்காட், ஸ்டேங்கர், உம்சிந்தோ பக்கத்துக் கரும்பு நாட்டிலும், உள்ளே பீட்டர்மரிட்ஸ்பர்க் வரை போகும் முள்மரப் பள்ளத்தாக்குகளிலும் இப்படிப்பட்ட நிலம் நிறைய உண்டு. அடர்ந்த காட்டின் நடு இருட்டில் தேடுவது வீண். பைன், யூகலிப்டஸ் தோப்புகளிலும் தேட வேண்டாம். பைன் மரத்தடியில் வருபவை வேறு கூட்டம். அவற்றில் நஞ்சும் உண்டு.

இங்கே பலர் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. ஒடோன்டோடெர்மிஸ் கறையான் எப்போதும் உயரமான புற்றுக் கட்டுவதில்லை. பல கூடுகள் முழுக்க மண்ணுக்கடியில், மேலே சிறு மேடாகவோ ஒன்றுமே தெரியாமலோ இருக்கும். அதனால் சமதரையில், சில சமயம் வீட்டுப் புல்தரையில்கூட, உண்மையான இகோவே வரும். மறுபக்கம், புற்றுக்குப் பக்கத்தில் முளைத்தது என்பதற்காக எல்லாமே இகோவே ஆகிவிடாது. பச்சை வித்துக் காளான் கறையான் மேட்டுப் புல்லிலும் வரலாம். புற்றின்மேல் நேராக, மூடிய முட்டை வடிவத் தலையோடு, பழுத்தால் உள்ளே கருந்தூளாகும் போடாக்ஸிஸ் என்ற இனமும் முளைக்கும். ஆக, இடம் ஒரு குறிப்பு மட்டுமே.

இயற்கைக் காப்பகங்களில் அனுமதியில்லாமல் காளான் உட்பட எதையும் எடுக்கக் கூடாது. தனியார் நிலத்தில் உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். களைக்கொல்லி அடித்த கரும்புக்கரை, கோல்ஃப் மைதானம், நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் கிடைப்பது சரியான இகோவே ஆனாலும் விட்டுவிடுங்கள். காளான் மண்ணிலுள்ள உலோகத்தையும் மருந்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

கோயில் புற்றைத் தோண்டக் கூடாது என்று தமிழருக்குச் சொல்ல வேண்டியதில்லை. இசிபிங்கோ மாரியம்மன் கோயில் புற்றைச் சுற்றியே எழுந்தது. இந்த மாகாணத்தில் புற்றுக்கு மஞ்சள் வைத்த பிறகே அங்கிருந்து எதையும் எடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

கொண்டுபோக வேண்டியவை

ஒரு அடி நீளக் கைத்தோண்டி அல்லது குறுகிய கடப்பாரை, மடக்குக் கத்தி, மூங்கில் அல்லது ஓலைக் கூடை, காகிதப் பைகள், கணுக்காலை மூடும் காலணி. பிளாஸ்டிக் பை வேண்டாம். டர்பன் வெக்கையில் ஒரு மணி நேரத்தில் காளான் வியர்த்து நொய்ந்துவிடும். கெட்டுப்போன நல்ல காளானும் வயிற்றைக் கெடுக்கும், அதைப் பிறகு நஞ்சு என்று தவறாகக் கணிப்பார்கள். சந்தேகமான ஒவ்வொன்றுக்கும் தனிக் காகிதப் பை வையுங்கள். ஒரே கூடையில் கலந்துபோட்டால் உடைந்த துண்டு எதிலிருந்து வந்தது என்று வீட்டில் சொல்ல முடியாது.

கைவிட்ட புற்றுப் பொந்துகள் பாம்புகளுக்குப் பிடித்த இடம். துப்பும் நாகமான எம்ஃபேசியும் அங்கே தங்கும். பொந்தைத் தடியால் தட்டிவிட்டுத்தான் அருகில் குனிய வேண்டும். கையை உள்ளே விடவே கூடாது.

முதல் படி: தோண்டுதல்

காளானைப் பிடித்து இழுக்காதீர்கள், தண்டை வெட்டவும் வேண்டாம். தண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிக் கைத்தோண்டியைச் செங்குத்தாக இறக்கி, சுற்றிலும் மண்ணைத் தளர்த்துங்கள். பிறகு ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விரலால் பறித்து, தண்டு எங்கே போகிறது என்று பின்தொடருங்கள்.

இகோவே ஆனால் தண்டு மண்மட்டத்தில் முடியாது. கெட்டியான நார்வேராகத் தொடர்ந்து, கீழே போகப்போக ஒடுங்கி, ஒரு சாணோ அதற்கும் மேலோ இறங்கும். வேரின் வெளித்தோல் அழுக்கு வெள்ளையிலிருந்து பழுப்பு. வளைத்தால் நார்நாராகக் கிழியும். முழு வேரையும் எடுக்க வேண்டியதில்லை. பத்து சென்டிமீட்டர் வரை தொடர்ந்து போய், இன்னும் முடியவில்லை என்று கண்ணால் பார்த்தால் போதும், அங்கே வெட்டி எடுங்கள். அடைவரை தோண்டினால் கூடு சிதையும், மழைநீர் இறங்கும், அடுத்த ஆண்டு அந்த இடத்தில் ஒன்றும் வராது.

தண்டின் அடி பல்புபோல் உருண்டு மண்ணின் மேலடுக்கிலேயே முடிந்தால் அது இகோவே அல்ல. அடியில் கிழிந்த பை அல்லது கோப்பைபோல் வெள்ளைத் தோல் இருந்தால், அமானிட்டா குடும்பமாக இருக்கலாம். அந்தக் குடும்பத்தில் உயிர்க்கொல்லிகள் இருக்கின்றன. கையில் எடுத்ததை வேறு காளான்களோடு சேர்க்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். தண்டை வெட்டிப் பறித்தவருக்கு இந்தப் பை மண்ணிலேயே தங்கிவிடும், அவர் கண்ணில் படவே படாது. தோண்டாமல் பறிப்பதன் முழு ஆபத்தும் இதுதான்.

இரண்டாம் படி: குடை, செவுள், தண்டு

நன்றாக விரிந்த இகோவேக் குடை 10 முதல் 25 சென்டிமீட்டர் அகலம். நிறம் வெள்ளை அல்லது வெளிர்ப் பழுப்பு. நடுவில் மூக்கு தெளிவாக, சற்று அடர்ந்த பழுப்பில் இருக்கும். மேற்பரப்பு வழவழப்பு. மண் ஒட்டியிருக்கலாம், ஆனால் கழுவினால் போய்விடும். விளிம்பு வயதானால் ஆங்காங்கே கிழியும்.

குடையைத் திருப்பினால் மீன் செவுள்போல் அடுக்கடுக்காக மெல்லிய தகடுகள் தெரியும். இவை தண்டைத் தொடாமல், சுற்றிலும் சிறு இடைவெளி விட்டு நிற்கும். இளசில் வெள்ளை, முதிர்ந்தால் மங்கிய இளஞ்சிவப்பு கலந்த பாலாடை நிறம். பச்சையோ சாம்பற்பச்சையோ துளியும் வரக் கூடாது.

தண்டு வெள்ளை, உள்ளே நிறைந்தது, கைக்குத் திண்மையாக இருக்கும். உம்கோவானின் தண்டில் வளையம் கிடையாது. டெர்மிட்டோமைசஸ் குடும்பத்தில் வளையம் உள்ள உறவினங்கள் உண்டு, அவையும் உண்ணத்தக்கவையே. ஆனால் புதிதாகக் கற்பவர் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். வளையம் இருந்தால் விட்டுவிடு என்ற விதியில் சில நல்ல காளான்களை இழப்பீர்கள். அந்த இழப்பு பெரிதல்ல.

ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். சதை வெள்ளையாக இருக்கும், நிறம் மாறாது. ஐந்து நிமிடம் வைத்துப் பார்த்து, சிவப்பாகவோ பழுப்பாகவோ மாறினால் ஒதுக்கிவிடுங்கள்.

மூன்றாம் படி: வித்துத்தூள் பதிவு

வித்துத்தூள் என்பது செவுளிலிருந்து உதிரும், விதைபோன்ற நுண்தூள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம், ஒரு இரவு பொறுத்திருக்க வேண்டும் என்பதால். பொறுக்கத்தான் வேண்டும்.

பாதி வெள்ளை, பாதி கருப்புக் காகிதத்தை ஒட்டி ஒரே தாளாக்குங்கள். விரிந்த குடை ஒன்றின் தண்டைக் குடைமட்டத்தில் வெட்டிவிட்டு, செவுள் கீழே பார்க்க, இரண்டு நிறத்திலும் பாதிப் பாதி படும்படி வையுங்கள். குடைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, ஒரு கிண்ணத்தால் மூடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக் குடையை நேராக மேலே தூக்குங்கள். இழுத்தால் பதிவு கலைந்துவிடும்.

தூளைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மஞ்சள் பல்பின்கீழ் இளஞ்சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். இகோவேயின் பதிவு பாலாடை கலந்த இளஞ்சிவப்பு. பச்சை வித்துக் காளானின் பதிவு மங்கிய பச்சை. அமானிட்டாக்களின் பதிவு வெள்ளை, கருப்புத் தாளில்தான் தெரியும்.

பதிவே விழாவிட்டால் இரண்டு காரணங்கள் இருக்கும். காளான் இன்னும் இளசு, அல்லது காய்ந்துவிட்டது. எதுவானாலும் அது நல்லது என்பதற்கான சான்று ஆகாது. வேறு குடையில் மறுபடி செய்யுங்கள்.

இளஞ்சிவப்புப் பதிவு வந்தாலும் அதை மட்டும் நம்பக் கூடாது. உரக்குழி, மரத்தூள் மேடு, புல்தரை ஆகிய இடங்களில் வரும் வால்வோப்ளூட்டியஸ் என்ற பெரிய காளானுக்கும் இளஞ்சிவப்பு வித்து, வளையமில்லாத தண்டு, விலகிய செவுள். அதைப் பிரித்துக் காட்டுவது அடியிலுள்ள பையும் வேரின்மையுமே. ஆகவே நீண்ட வேர், வளையமும் பையும் இல்லாத தண்டு, இளஞ்சிவப்புப் பதிவு என்ற மூன்றும் ஒரே காளானில் சேர்ந்து வந்தால்தான் கூடை வீட்டுக்குள் போகலாம். மூன்றில் இரண்டு என்று பேரம் பேசாதீர்கள்.

பச்சை வித்துக் காளானை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இகோவேயை அறிய விரும்புகிறவர் அதற்கு முன் இதைப் பழக வேண்டும். டர்பன் பக்கத்துப் புல்தரைகளில் தேடாமலே கிடைக்கும். பெரும்பாலும் வட்டமாக அல்லது பிறை வடிவில் வரிசை கட்டி முளைக்கும். குடை 10 முதல் 30 சென்டிமீட்டர். வெள்ளைப் பரப்பின்மேல் பழுப்புச் செதில்கள், நடுவில் நெருங்கி, ஓரத்தில் சிதறி இருக்கும். தண்டில் மேலும் கீழும் நகரக்கூடிய தடித்த வளையம். அடி சற்றுப் பருத்திருக்கும், வேர் இருக்காது.

பிழை எங்கே நடக்கிறது என்றால், கனத்த மழை செதில்களைக் கழுவிவிடும். வளையம் உதிர்ந்துவிடும். செவுள் பச்சையாவதற்கு நாளாகும், இளசில் பால்வெள்ளைதான். இப்படிச் செதிலும் வளையமும் இல்லாமல், வெள்ளைச் செவுளோடு கையில் வரும்போது குடையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அப்போதும் மாறாமல் நிற்பவை வேரின்மையும், முதிர்ந்த குடையின் பச்சைத் தூளும் மட்டுமே. மொட்டாக இருக்கும் எந்த வெள்ளைக் காளானையும் பறிக்காதீர்கள் என்று சொல்வதும் இதனால்தான். மொட்டில் அமானிட்டாவும் பச்சை வித்துக் காளானும் முட்டை வடிவில் ஒன்றுபோல் இருக்கும்.

உண்டால் பொதுவாக அரை மணியிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் இரத்தத்தோடு. பெரியவர்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தேறுவார்கள். குழந்தைகளுக்கு நீர்ச்சத்து வற்றுவது உயிருக்கே ஆபத்து. நன்றாக வேக வைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பி உண்டு பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

அமானிட்டாக்களில் இரண்டைக் கண்டிப்பாகப் பெயரோடு தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களோடு வந்த அமானிட்டா பேலாய்டிஸ், வெளிர்ப் பச்சை கலந்த மஞ்சள் குடை, வெள்ளைச் செவுள், வளையம், அடியில் பை. மேற்கு கேப்பில் நிலைபெற்றது, ஓக் நட்ட எந்த ஊரிலும் எதிர்பார்க்க வேண்டியது. வெளிறிப்போனது கிட்டத்தட்ட வெள்ளையாகவே தெரியும். பைன் தோப்புகளில் வரும் அமானிட்டா பேந்தரினாவுக்குப் பழுப்புக் குடைமேல் வெள்ளைப் பொட்டுகள். இது மூளையையும் நரம்பையும் தாக்கும்.

எதை நம்பக் கூடாது

வெள்ளிக் காசு கருக்கும், பூண்டு நிறம் மாறும், அரிசி சிவக்கும், தோல் உரிந்தால் நல்லது, புழுவும் நத்தையும் தின்றிருந்தால் நாமும் தின்னலாம். இவற்றில் ஒன்றுகூட உண்மையல்ல. பேலாய்டிஸின் நஞ்சு வெள்ளியைத் தொடுவதில்லை, கொதிநீரில் சிதைவதில்லை, நத்தையைக் கொல்வதில்லை. நல்ல மணமும் சுவையும் இருந்ததாகவே பிழைத்தவர்கள் சொல்கிறார்கள்.

சாலையோரத்தில் வாங்கும்போது வேர் இருக்கிறதா என்று கேளுங்கள். பழகிய விற்பனையாளர்கள் வேரின் ஒரு பகுதியை விட்டுத்தான் வைத்திருப்பார்கள். வேர் முழுக்க வெட்டப்பட்டது, செவுள் சாம்பலாக மாறியது, காலை முதல் வெயிலில் கிடந்தது ஆகியவற்றை வாங்க வேண்டாம்.

வீட்டில்

பறித்த அன்றே சமைப்பது உத்தமம். குளிர்ப்பெட்டியில் காகிதப் பையில் அடுத்த நாள் வரை தாங்கும், அதற்கு மேல் செவுளுக்குள் புழு நெளியும். மண்ணைத் தூரிகையால் தட்டி, சமைப்பதற்குச் சற்று முன்புதான் அலச வேண்டும். நார்வேரையும் தண்டின் அடிப்பகுதியையும் கழித்துவிட்டு, குடையைக் கோழிக்கறிபோல் நாரோட்டத்தில் கையால் கிழியுங்கள். அரை கிலோவுக்கு ஒரு பெரிய வெங்காயம், இரண்டு தக்காளி, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், இரண்டு தேக்கரண்டி டர்பன் மசாலாத்தூள், கறிவேப்பிலை. தானே நீர் விடும், தண்ணீர் ஊற்ற வேண்டாம். அந்த நீர் வற்றி எண்ணெய் பிரியும்வரை, குறைந்தது இருபது நிமிடம், வேக வேண்டும். பச்சையாக உண்ணக் கூடாது.

முதல்முறை உண்பவர் ஓரிரு மேசைக்கரண்டி மட்டும் உண்டு ஒரு நாள் பொறுக்கட்டும். நல்ல காளானும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அன்று மது வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் காட்டுக் காளான் கொடுக்காமல் இருப்பதே நல்லது. சமைக்காத முழுக் காளான் ஒன்றை, வேரோடு, காகிதப் பையில் தேதியெழுதி இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வையுங்கள்.

கறையான் கூட்டில் பறிக்கும்போது முழுதாக விரிந்து தளர்ந்த பெரியவை இரண்டு மூன்றை அப்படியே விட்டு வாருங்கள். அவற்றின் வித்துத்தூளைத்தான் புதிதாகக் கூடு தொடங்கும் கறையான்கள் எடுத்துக்கொண்டு போய்த் தம் முதல் அடையில் விதைக்கின்றன.

உடம்புக்கு முடியாமல் போனால்

வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள், பால், எண்ணெய், உப்புத் தண்ணீர் எதுவும் கொடுக்க வேண்டாம். தென்னாப்பிரிக்க நஞ்சுத் தகவல் உதவி எண் 0861 555 777, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும். ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. நினைவு தவறியவர், மூச்சுத் திணறுபவர், இரத்தம் போகிறவர், சிறு குழந்தை ஆகியோருக்கு முதலில் ஆம்புலன்ஸ்.

தொலைபேசியில் அவர்கள் கேட்கப்போவது: எத்தனை மணிக்கு உண்டார், எவ்வளவு, முதல் தொந்தரவு எத்தனை மணிக்குத் தொடங்கியது, வேறு யார் உண்டார்கள், எந்த மரத்தடியில் அல்லது புல்லில் பறித்தது. இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மணிக்கணக்கு மிக முக்கியம். ஆறு மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு கல்லீரலைத் தாக்கும் பேலாய்டிஸாக இருக்கலாம். அதில் ஒரு நாள் கழித்து நோயாளி தேறிவிட்டதுபோல் எழுந்து உட்காருவார், உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். அந்தத் தேறலைப் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்துவிடாதீர்கள். பலவகைக் காளான் கலந்து சமைத்திருந்தால், தொந்தரவு சீக்கிரம் தொடங்கியதாலேயே பேலாய்டிஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. உண்ட எல்லோரும், நோயில்லாதவர்களும், சேர்ந்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். குளிர்ப்பெட்டியிலுள்ள அந்த முழுக் காளானையும், மீந்த கறியையும், குப்பையில் போட்ட தண்டு வேர்களையும் காகிதப் பையில் எடுத்துக்கொண்டு போங்கள்.